வலைக்கு ஒரு கணக்கு, உடலுக்கு ஒரு கணக்கு: பனிச்சங்கேணியிலிருந்து தொழிற்பாதுகாப்பின் பொருளியல்

பனிச்சைக் காய் துவர்ப்பு மிகுந்தது. அதை இடித்து ஊறவைத்த நீரில் பருத்திநூல் வலையைத் தோய்த்துக் காயவைத்தால் வலை உப்புத்தண்ணீரில் எளிதில் உக்காது. தோணிப் பலகையின் பொருத்துகளுக்கும் அதே கறையைப் பூசுவார்கள். நைலோன் வந்த பிறகு அந்தக் காய்க்கு வேலை போய்விட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பக்கம், களப்பு கடலோடு கலக்கும் ஓரிடத்தில் மரத்தின் பெயர் ஊரின் பெயராக நிற்கிறது: பனிச்சங்கேணி.

வலைக்குப் பனிச்சை போடுவது ஒரு முதலீடு. காய் பொறுக்க வேண்டும், இடிக்க வேண்டும், வலை காயும்வரை தொழிலுக்குப் போக முடியாது. ஆனாலும் யாரும் சட்டத்துக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. வலை உக்கினால் யாருக்கு நட்டமோ, அவர் கையிலேயே அதைத் தடுக்கும் வழியும் இருந்தது. பொருளியலாளர் பக்கம் பக்கமாக விளக்கும் ஊக்குவிப்பு என்ற கருத்தின் மொத்தச் சாரமும் இதுதான். அதே மனிதரின் கால், முதுகு, நுரையீரல் ஆகியவற்றுக்கு ஏன் அப்படியொரு பனிச்சை கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொழிலிடங்களைப் பாதுகாப்பானவையாக மாற்றச் சட்டமும் பரிசோதகரும் மட்டும் போதாது, பணத்தின் இழுவிசையும் வேண்டும் என்ற வாதம் இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் ஒரு முதலாளி இருக்கிறார் என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. பங்குக்கும் முற்பணத்துக்கும் தொழில் செய்யும் களப்புக்கரையில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அங்கே விபத்தின் விலையை வீடு செலுத்துகிறது; வேலையின் வேகத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பவர் வேறெங்கோ இருக்கிறார். ஊக்குவிப்பு அந்த வேறெங்கோ இருப்பவரைத் தொடாதவரை அது வெறும் அறிவுரைதான்.

ஊக்குவிப்பு வாதம்: வந்த வழி

ஆபத்தான வேலைக்குக் கூடுதல் கூலி கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. 1776இல் அடம் சிமித் எழுதிய நூலிலேயே அதன் வித்து இருக்கிறது: கடினமான, அருவருப்பான வேலைகளுக்கு ஆள் கிடைக்க வேண்டுமானால் கூலி உயர வேண்டும். பிற்காலப் பொருளியலாளர் இதை விரித்து, ஆபத்துக்கே ஒரு சந்தை விலை உண்டு, உயரும் கூலி முதலாளிக்குச் சுமையாவதால் அவர் வேலையைச் செப்பனிடுவார் என்றார்கள். சிமித் ஒரு நிபந்தனையையும் வைத்திருந்தார். யாரும் விரும்பிய தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் விட்டு விலகவும் முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும் என்பது அது. வாதம் பரவிய அளவுக்கு நிபந்தனை பரவவில்லை.

இரண்டாவது வழி காப்புறுதி. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்து 1884ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளிகள் மட்டுமே பணம் கட்டும் விபத்துக் காப்புறுதிச் சங்கங்களைத் தொழிற்றுறை வாரியாக அமைத்தது. ஆபத்து மிகுந்த துறைக்குக் கட்டணமும் மிகுந்தது. விபத்து ஒரு துயரம் என்பதோடு கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவாகவும் ஆனது. இன்று பல நாடுகளில் ஒவ்வொரு நிறுவனத்தின் விபத்து வரலாற்றைப் பார்த்துக் கட்டணம் ஏற்றி இறக்கப்படுகிறது. வேலையிடப் பாதுகாப்புக்கான ஐரோப்பிய முகவரகம் 2010இல் இத்தகைய திட்டங்களை ஒரே அறிக்கையில் தொகுத்துப் பார்த்தது. அதில் அடிக்கடி மேற்கோளாவது ஜெர்மன் இறைச்சித் துறை. விபத்து குறைந்ததற்காக அல்லாமல், பயிற்சி, பாதுகாப்பான கருவி போன்ற நடவடிக்கைகளை எடுத்ததற்காகவே அங்கே நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகை தரப்பட்டது. ஆறு ஆண்டுகளில், சலுகைத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களில் அறிவிக்கத்தக்க விபத்துகள் 28 விழுக்காடு குறைந்தன. துறை முழுவதிலும் குறைவு 16 விழுக்காடு.

நமக்கு அதைவிடப் பயனுள்ள சான்று பின்லாந்து. அங்கே விவசாயிகள் சுயதொழிலாளராக இருந்தும் அரசு சார்ந்த விபத்துக் காப்புறுதிக்குள் இருக்கிறார்கள். 1997 முதல், விபத்துக் கோரிக்கை இல்லாத விவசாயிக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தரப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வு, கோரிக்கைகள் சுமார் 10 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. நல்ல செய்திதான், ஆனால் குறைந்தவை பெரும்பாலும் சிறிய காயங்கள். நீண்டநாள் படுக்கையில் கிடத்தும் காயங்களில் அந்தச் சரிவு தெரியவில்லை. கை நசிந்தவர் தள்ளுபடியை இழக்கத் தயங்கிக் கோராமல் விட்டிருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பினார்கள்.

இந்த ஐயம் முக்கியமானது. விபத்து எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கை குறையும். விபத்து குறைந்ததா என்பது வேறு கேள்வி. இலங்கையின் கட்டடத் தளங்களில் ‘விபத்தின்றி இத்தனை நாள்’ என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் அடுத்த மனிதரின் சங்கடம்தான் என் கண்முன் வருகிறது. சிறு தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து பேர் வேலைசெய்யும் இடத்தில் பத்து ஆண்டு விபத்தில்லாமல் போனால் அது கவனத்தாலா, அதிர்ஷ்டத்தாலா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஜெர்மன் இறைச்சிக்காரர்கள் விளைவை விட்டு நடவடிக்கையைப் பார்த்தது அதனால்தான் பொருந்துகிறது.

சட்டம் தேடும் முதலாளி

இலங்கையில் தொழிற்காயத்துக்கான அடிப்படைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம். முதலாவதன் உச்ச நட்டஈடு 2005இல் 550,000 ரூபாய்க்கு உயர்ந்தது. 2022இல் வந்த திருத்தம் அதை 2,000,000 ரூபாயாக்கியதோடு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் காயங்களையும் சேர்த்துக்கொண்டது. 2009இல் தொழிற்பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் சட்டத்தால் அமைந்தது. காகிதத்தில் பார்த்தால் குறைசொல்ல முடியாத வளர்ச்சி.

ஆனால் ஊக்குவிப்பு என்ற கண்ணோடு பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. இந்தச் சட்டத்தில் பொறுப்பு தனி முதலாளியின் தலையில் விழுகிறது. அவர் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஆபத்துக்கேற்ப ஏறி இறங்கும் கட்டணம் என்ற கருவியே இங்கு இல்லை. ஜெர்மன் சங்கம் தன் பணம் கரைவதைத் தடுக்க முதலாளியின் கதவைத் தட்டும். இங்கே விபத்து நடந்த பின்னர்தான் ஆணையாளர் அலுவலகத்தின் கதவைத் தொழிலாளி தட்ட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை வரைவிலக்கணத்தில். நட்டஈடு கேட்பவர் ஒரு முதலாளியோடு உடன்பாடு செய்து வேலைசெய்பவராக இருக்க வேண்டும். இந்தச் சிந்தனைக்கு ஒரு காலனிய வேர் இருக்கிறது. பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், இலாபத்தில் அல்லது மொத்த வருமானத்தில் பங்கு பெறும் மீன்பிடிக் கலத்தவருக்குத் தான் பொருந்தாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. பங்கு வாங்குபவர் பங்காளி, பங்காளிக்கு முதலாளி இல்லை என்பது அதன் நியாயம். சட்டத்தில் இது ஒரு வரி. கரையில் இது ஒரு வாழ்க்கை முறை முழுவதையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

களப்பில் வீச்சுவலை எறிபவர், நண்டுவலை வைப்பவர், கரைவலை இழுப்பவர், இறாலுக்கு இரவில் இறங்குபவர் யாரும் தொழிற்சாலைக்குள் இல்லை. சேற்றில் கால் வைக்கும்போது திருக்கை முள் ஏறலாம், மட்டி வெட்டலாம், கெளிறின் முள் கையைக் கிழிக்கலாம். காயத்தோடு மறுநாளும் அதே தண்ணீரில் நிற்க வேண்டும். இவற்றை யாரும் தொழில் விபத்து என்று சொல்வதில்லை. ‘முள் குத்திப்போட்டுது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதலாளி இருக்கும் நீரியல் தொழில் மட்டக்களப்புக்குப் புதியதல்ல. மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை இருந்தது. 1987 சனவரியில் படையினரின் நடவடிக்கையின்போது அதன் தொழிலாளர்கள் பலர் வேலைத்தலத்திலேயே கொல்லப்பட்டார்கள். இந்தப் பிரதேசத்தில் ‘வேலைத்தலப் பாதுகாப்பு’ என்ற சொல்லை எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. எந்த ஊக்குவிப்புக் கோட்பாடும் அதைத் தொடவும் முடியாது.

சம்பளமில்லாத மூன்று நிமிடம்

கோட்பாட்டுக்கும் கரைக்கும் உள்ள இடைவெளி மிகத் துல்லியமாகத் தெரிவது சுழியோடிகளிடம். கிழக்குக் கரையெங்கும் சங்கு, கடலட்டை, அலங்கார மீன் ஆகியவற்றுக்காகச் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழில் உண்டு. கடலட்டையை இங்கு யாரும் உண்பதில்லை. அவித்து, காயவைத்து, ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். கரையோரத்து அட்டை தீரத்தீர ஆழம் கூடுகிறது.

ஆழத்தின் கணக்கு எளிமையானது. பத்து மீற்றருக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முப்பது மீற்றரில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில்போல, குமிழாகிறது. மூட்டு நோவு முதல் இடுப்புக்குக் கீழ் உணர்விழப்பு வரை எதுவும் நேரலாம். தடுப்பும் எளிமையானதே. முப்பது மீற்றரில் சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காமை, மெதுவாக எழுதல், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தல், ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்காமை.

இப்போது பணத்தின் கணக்கைப் பார்ப்போம். வள்ளம், இயந்திரம், எண்ணெய், காற்று நிரப்பும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகே பங்கு. பல சுழியோடிகள் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவர்கள்; பிடித்ததை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். விலை ஒவ்வோர் அட்டைக்கும் உண்டு. ஐந்து மீற்றரில் தரித்து நிற்கும் மூன்று நிமிடத்துக்கு விலை இல்லை. அந்த மூன்று நிமிடத்துக்கான காற்றைச் சிலிண்டரில் மிச்சம் வைப்பதென்றால், கீழே அந்த அளவுக்குத் தேடலைக் குறைக்க வேண்டும். கீழே நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்று நான்கு மடங்கு வேகத்தில் தீரும். ஒரு சிலிண்டர் நிரப்ப ஒரு விலை கொடுத்தவர் அதன் கடைசி மூச்சுவரை அட்டை தேடுவது பேராசையாலோ அறியாமையாலோ அல்ல. விலைப்பட்டியல் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அடம் சிமித்திலிருந்து வளர்ந்த வாதப்படி இந்த ஆபத்துக்குக் கூலி உயர்ந்திருக்க வேண்டும். ஒரு பொருளில் உயர்ந்தும் இருக்கிறது; நல்ல நாளில் சுழியோடிக்குக் கிடைப்பது வீச்சுவலைக்காரருக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். ஆனால் அந்த உயர்வு ஆபத்தைக் குறைக்க யாரையும் தூண்டவில்லை. ஆபத்தை எடுத்துக்கொள்ளவே தூண்டுகிறது. முற்பணம் இருக்கும்வரை விட்டு விலகும் சுதந்திரமும் இல்லை. சிமித்தின் நிபந்தனை இல்லாமல் சிமித்தின் முடிவு மட்டும் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

இதே கதை மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோக் கரையில் சிங்கி இறாலுக்காக இறங்கிய பழங்குடிச் சுழியோடிகளுடையது. அங்கும் பிடித்த அளவுக்கே கூலி, முற்பணம், பழுதான கருவி. நடக்க முடியாமல் போனவர்களும் இறந்தவர்களும் நிறையப் பேர். அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2021 ஓகத்து 31இல், 42 சுழியோடிகள் சார்பான வழக்கில், தனியார் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தவும் பரிசோதிக்கவும் தவறியதற்காக ஹொண்டுராஸ் அரசைப் பொறுப்பாக்கியது. கூலிமுறைக்கும் உடல் ஊனத்துக்கும் இடையிலுள்ள சங்கிலி ஒரு சர்வதேச நீதிமன்றத்தின் முன் சான்றாக நின்றது என்பதே நமக்கு முக்கியம்.

மாற்று உதாரணத்துக்குத் தென்கொரியாவின் ஜெஜூத் தீவுக்குப் போகலாம். அங்கே ஹென்யோ எனப்படும் பெண் சுழியோடிகள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கியே இறங்குகிறார்கள். எப்போது இறங்குவது, எவ்வளவு நேரம் என்பதை அவர்களது ஊர்ச் சங்கம் தீர்மானிக்கிறது. மருத்துவச் செலவுக்கு மாகாண அரசு உதவுகிறது. ஒருவர் கூடுதலாக ஒருமுறை இறங்கினால் மற்றவரும் இறங்க வேண்டிவரும் என்ற போட்டியை ஊரே சேர்ந்து பூட்டிவைத்திருக்கிறது. இதை விந்தையென்று நாம் வியக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரியில் வலைபோடும் இடத்தையும் நாளையும் சுற்றுமுறையில் பகிரும் ‘பாடு’ முறை நம் மொழிக்காரருடையது. கரைவலைக்கும் பாடு உண்டு. யாருக்கு எப்போது மீன் என்பதைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஏற்பாடு, யார் எத்தனைமுறை இறங்கலாம் என்பதையும் பகிர்ந்துகொள்ள முடியும்.

மறைமுகக் காப்புறுதியாளர்

யாரும் கட்டணம் கட்டாவிட்டாலும் விபத்தின் ஒரு பகுதிச் செலவை ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அது இலவச மருத்துவம். வாகரையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வரை கொண்டுபோகப்படும் காயங்களின் சிகிச்சைச் செலவு சுகாதாரத் துறையின் தலையில். அழுத்தம் கொடுத்துக் குமிழைக் கரைக்கும் அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. ஆக, அரசே இங்கு கட்டணம் வாங்காத காப்புறுதியாளர். இழந்த நாட்கூலியும் வீட்டாரின் பராமரிப்பும் முற்பணத்தின் மீதியும் மட்டும் வீட்டுக் கணக்கில்.

செலவைச் சுமப்பவர் தடுப்பையும் நாடுவார் என்ற ஊக்குவிப்புக் கோட்பாட்டின் முதல் விதி இங்கும் வேலைசெய்திருக்கிறது. எலிக்காய்ச்சல் நல்ல சான்று. வயலிலும் சேற்றிலும் நிற்பவருக்கு வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பருவகாலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஒரு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் மாத்திரையின் விலை ஒன்றுமே இல்லை. அதே வைத்தியசாலைகளுக்கு வரும் தொழிற்காயத்துக்கு இப்படியொரு சிந்தனை வரவில்லை. எலிக்காய்ச்சல் ஒரு நோயாகப் பதிவாகிறது. திருக்கை முள்ளும் சுழியோடியின் மரத்த காலும் தொழிலின் விளைவாகப் பதிவாவதில்லை.

கடற்றொழிலாளருக்கென ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. விவசாயிகளுக்கு அதற்கு மூன்று ஆண்டு முன்பே. ஊனத்துக்கும் மரணத்துக்கும் அதில் உதவி உண்டு. ஆனால் சந்தா கட்டுபவர் தொழிலாளி. ஆழத்தைத் தீர்மானிக்கும் வியாபாரிக்கு அதில் ஒரு சதமும் செலவில்லை. நிவாரணமாக அது நல்லது, ஊக்குவிப்பாக அதற்குப் பல் இல்லை.

தடை செய்த வேலை

ஊக்குவிப்பை நம்புகிறவர்கள் வசதியாக மறக்கும் ஒரு சான்று இலங்கையிலேயே இருக்கிறது. ஏக்கர்க் கணக்கில் கூலி பேசிக் கிருமிநாசினி விசிறும் மனிதருக்கும், அவரது வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தப் போத்தல் இருந்த காரணத்தால் ஒரு கணக் கோபத்தில் உயிர்விட்டவருக்கும் ஒரே நஞ்சுதான். உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த நஞ்சுகள் 1995 வாக்கில் விலக்கப்பட்டன, எண்டோசல்பான் 1998இல். பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் பத்து ஆண்டில் ஏறத்தாழப் பாதியானது. விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் பின்னர் ஆய்வுகள் காட்டின. இங்கே யாருக்கும் சலுகை தரப்படவில்லை. கடைத்தட்டிலிருந்து போத்தலை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் சுழியோடுவதையும் தடைசெய்துவிடலாமே? நஞ்சுக்கு மாற்று நஞ்சு கடையில் இருந்தது. விவசாயி ஒரு போகத்தையும் இழக்கவில்லை. சுழியோடிக்கு மாற்று வருமானம் கடையில் விற்பதில்லை. முற்பணம் கழுத்தில் இருக்கும்போது தடை அவரைக் கரையில் நிறுத்தாது, இரவில் இறங்க வைக்கும். இரவில் இறங்கியவர் காயப்பட்டால் வைத்தியசாலைக்குப் போகவும் அஞ்சுவார். இதிலிருந்து நான் எடுப்பது இவ்வளவே: இறக்குமதியாளர் என்ற ஒரு குறுகிய வாசல் இருந்ததால் நஞ்சுத் தடை வென்றது. கடலட்டைக்கும் நண்டுக்கும் அப்படியொரு குறுகிய வாசல் உண்டு. அது கரையில் இல்லை, ஏற்றுமதியில் இருக்கிறது.

கேரளத்துத் தீர்ப்பு

அந்த வாசலில் கைவைக்க ஒரு முயற்சி கேரளத்தில் நடந்தது. 1985ஆம் ஆண்டின் கேரள மீனவர் நலநிதிச் சட்டம், மீன் வியாபாரிகளும் ஏற்றுமதியாளரும் விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. கடலில் உயிரைப் பணயம் வைப்பவரின் உழைப்பால் இலாபம் காண்பவர் அவருடைய விபத்துக்கும் முதுமைக்கும் பங்களிக்கட்டும் என்ற எண்ணம். ஏற்றுமதியாளர்கள் வழக்குப் போட்டார்கள். கொலுத்தரா எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் 2002இல் இந்திய உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஏற்றுமதியாளருக்கும் மீனவருக்கும் இடையில் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை. உறவில்லாதவர் மீது இந்தச் சுமையைச் சுமத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை.

1906இன் பிரித்தானியச் சட்ட வாசகமும் 2002இன் புதுதில்லித் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள். முதலாவது ‘பங்கு வாங்குபவருக்கு முதலாளி இல்லை’ என்றது. இரண்டாவது ‘வாங்குபவர் முதலாளி இல்லை’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மீனவர் விழுந்துவிடுகிறார். சட்டத் தர்க்கம் என்ற அளவில் அது பிழையில்லாமல் இருக்கலாம். பொருளியல் தர்க்கம் என்ற அளவில், முற்பணம் கொடுத்து, விலை சொல்லி, எப்போது எது வேண்டும் என்று தீர்மானிப்பவரை முதலாளி அல்ல என்று சொல்வதற்கு நிறையக் கண்மூடல் வேண்டும்.

உறவை நிரூபிக்காமலே நிதி திரட்டும் வேறு வழிகளையும் இந்தியா கண்டிருந்தது. பீடித் தொழிலாளருக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பீடி மீதே நலவரி போடப்பட்டது. யார் யாருக்குச் சுற்றினார் என்று தேடாமல், பொருளைப் பிடித்தார்கள். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அது கைவிடப்பட்டது. கட்டட வேலைக்கு 1996 முதல் கட்டுமானச் செலவின் மீது நலவரி உண்டு. இவை நிதி திரட்டின; ஆனால் நல்ல முதலாளிக்கும் கெட்ட முதலாளிக்கும் ஒரே வீதம். ஊக்குவிப்பு என்ற பாதி அவற்றில் இல்லை.

வாங்குபவரின் கை எவ்வளவு நீளம்

வாங்குபவர் நினைத்தால் வள்ளத்தில் என்ன மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நிரூபணம் இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரி முதல் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. தடை 2016இல் நீங்கியது. அந்தக் குறுகிய காலத்தில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் கலங்களில் அவற்றின் இருப்பிடத்தைக் காட்டும் செய்மதிக் கருவிகள் பொருத்தப்பட்டன. எத்தனையோ ஆண்டுப் பரிசோதனைகளும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் செய்யாததை ஏற்றுமதி வருமானத்தின் மீதான ஓர் அடி செய்தது. கருவி பொருத்தியது மீனைக் காப்பதற்கு. மனிதரைக் காப்பதற்கு அதே கையை நீட்ட முடியாது என்று எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

தேயிலைக்கு இன்னொரு முன்னுதாரணம். ‘சிலோன் ரீ’ என்ற பெயரை உலகில் விளம்பரப்படுத்த 2010 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.50 ரூபாய் தீர்வை அறவிடப்பட்டது. ஒரு பெயருக்காகக் கிலோவுக்கு இவ்வளவு என்று அறவிடத் தெரிந்த அரசுக்கு, அட்டைக்கும் நண்டுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஓர் உடலுக்காக அறவிடுவது புதிய வித்தையல்ல.

இங்கே ஒரு கடுமையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். விலை ஹொங்கொங்கில் முடிவாகிறது. ஏற்றுமதியாளர் தீர்வையைத் தன் இலாபத்திலிருந்து கொடுக்கமாட்டார், கரையில் கொடுக்கும் விலையில் கழிப்பார். அப்போது தீர்வை என்பது வேறு பெயரில் சுழியோடியின் சந்தாதானே? பெரும்பகுதி உண்மை. ஒரே வீதத் தீர்வையில் இது தவிர்க்க முடியாதது. பீடி வரியின் குறை இதுவே. ஆனால் வீதம் நடவடிக்கைக்கேற்ப மாறினால் கதை வேறாகிறது. தனக்குப் பிடிப்பவர்களின் வாடியில் முதலுதவிக்கு ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா, நாளுக்கு இறங்கும் எண்ணிக்கைக்கு ஊர்ச் சங்கம் போட்ட எல்லை கைக்கொள்ளப்படுகிறதா, பங்கிலிருந்து காற்றுச் செலவு கழிக்கப்படாமல் வியாபாரியே ஏற்கிறாரா என்பவற்றைப் பொறுத்து ஏற்றுமதியாளருக்குத் தீர்வை குறைந்தால், குறையும் தொகைக்காக அவர் தன் வியாபாரியை நெருக்குவார். விபத்து எண்ணிக்கை இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்லாந்தில் நேர்ந்த மறைப்பை இங்கே வரவழைக்கக் கூடாது. காயத்தைச் சொன்னதற்காக யாருடைய விலையும் குறையக் கூடாது.

யார் பார்த்துச் சான்றளிப்பது என்பதே மீதமுள்ள சிக்கல். கடற்றொழில் பரிசோதகர் ஒருவர் கல்குடாவிலிருந்து வெருகல் எல்லைவரையுள்ள வாடிகளையெல்லாம் பார்ப்பார் என்று நம்புவது காகிதத்தின் மீதுள்ள நம்பிக்கை. பாடு நடத்தும் சங்கங்கள் பார்க்கலாம். தீர்வையின் ஒரு பகுதி அவர்களிடமே வந்தால் பார்க்க விரும்புவார்கள். சங்கத் தலைவரே முற்பணம் கொடுக்கும் வியாபாரியாக இருக்கும் ஊர்களும் உண்டு என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. அந்த ஊர்களில் இந்தத் திட்டம் தோற்கும். தோற்கும் இடம் எதுவென்று முன்கூட்டியே தெரிவதும் ஒரு வசதிதான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. வாகரை, வாழைச்சேனை வைத்தியசாலைகளில் காயத்தோடு வருபவரின் பதிவில் இரண்டு நிரல்கள் கூட்டலாம். காயம் எந்த வேலையின்போது நேர்ந்தது என்பது ஒன்று. பிடித்த பொருள் யாருக்குப் போகிறது என்பது மற்றது. முதல் நிரலை நிரப்பத் தாதிக்கு அரை நிமிடம் போதும். இரண்டாவதை நிரப்பும்போது காயப்பட்டவர் சற்றுத் தயங்குவார். முற்பணம் கொடுத்தவரின் பெயரைச் சொல்வதா விடுவதா என்று அவர் யோசிக்கும் அந்த நேரத்தில், சட்டப் புத்தகத்தில் இல்லாத முதலாளி ஒருவர் அந்த அறைக்குள் வந்து நிற்பார்.